போராட்டக் களத்தில் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களுக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் செல்பேசியில் வீடியோ எடுக்கச் சொல்லித்தருகிறேன். வெளிச்சம், கோணம் பற்றியெல்லாம் அதிகம் பேர் கேட்பதில்லை. எடுக்கலாமா, போடலாமா, போட்டால் மாட்டிக்கொள்வேனா என்ற மூன்றும்தான் வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. வழக்கு என்று வந்துவிட்டால் இதை மூடிவைத்துவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள். சட்டப் பிரிவுகள் எல்லாம் இந்தியாவுக்கு உரியவை.

1. தெருவில் நடக்கும் போராட்டத்தை வீடியோ எடுக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். பொது இடத்தில் நின்றுகொண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடப்பதைப் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. பத்திரிகையாளர் அட்டை இருந்தால்தான் எடுக்கலாம் என்று சிலர் மிரட்டுவார்கள், அதுவும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19வது பிரிவு தரும் கருத்துரிமை எல்லாக் குடிமக்களுக்கும் பொது. பத்திரிகைகளுக்கென்று தனி உரிமை அதில் எழுதப்படவேயில்லை.

இடத்தைப் பொறுத்து விதிவிலக்கு உண்டு. ராணுவ வளாகம், அணுமின் நிலையம் போன்றவை அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட இடங்கள். அணுஉலையை எதிர்த்து இடிந்தகரை மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களை எடுப்பதும் கூடங்குளம் அணுஉலையின் மதில் ஓரம் போய் எடுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

2. பொது இடத்துக்கு வந்து கோஷம் போடுகிறவருக்கு என்ன அந்தரங்கம்? வேண்டாம் என்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே?

பாதிப் பேர் இதைக் கோபமாகத்தான் கேட்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது இந்த வாதத்துக்கும் பதில் வந்துவிட்டது. அந்தரங்கம் நபரைச் சேர்ந்தது. பொது இடத்தில் நிற்கிறார் என்பதனாலேயே அதை அவர் இழந்துவிடுவதில்லை.

2020 மார்ச்சில் லக்னோவில் நடந்ததைப் பாருங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்களில் சேதத்துக்குப் பொறுப்பு என்று அரசு குற்றம்சாட்டியவர்களின் படம், பெயர், முகவரி ஆகியவற்றை அச்சடித்து நகரத்தின் சந்திப்புகளில் பேனர்களாக நிறுத்தினார்கள். குற்றம் எதுவும் நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, இது அந்தரங்க உரிமை மீறல், பேனர்களை அகற்றுங்கள் என்று மார்ச் 9 அன்று உத்தரவிட்டது. போராட்டத்துக்கு வந்தவர் அந்த நாளில், அந்தக் கூட்டத்தோடு நிற்கச் சம்மதித்துத்தான் வந்தார். தன் முகம் தனியாகப் பிய்த்தெடுக்கப்பட்டு முகவரியோடு முச்சந்தியில் தொங்குவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நாம் போடும் ஒரு நெருக்கக் காட்சி, நாம் நினைக்காமலேயே அந்தப் பேனருக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுத்துவிடக்கூடும்.

3. ஆயிரம் பேர் இருக்கும் கூட்டத்தில் ஒரு முகத்தை யார் உட்கார்ந்து தேடப்போகிறார்கள்?

இப்போது ஆள் உட்கார்ந்து தேடுவதில்லை, மென்பொருள் தேடுகிறது. டெல்லி கலவரத்துக்குப் பிறகு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டைப் படங்களோடு ஒப்பிட்டு 1,100க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டிருப்பதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா 2020 மார்ச்சில் மக்களவையிலேயே சொன்னார். அதற்குப் பொதுமக்கள் அனுப்பிய வீடியோக்களும் பயன்பட்டன. தமிழ்நாடு காவல்துறையும் 2021 முதல் முகம் அறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அதன் தளத்துக்குள் வெளியார் புகுந்த செய்தி 2024 மே மாதம் வெளியானது. அதாவது, காவல்துறையிடம் இருக்கும் முகம் காவல்துறையிடம் மட்டுமே இருக்கும் என்றும் நம்ப முடியாது.

முகமே தெரியாவிட்டாலும் பிடிபடலாம். 2020இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் போலீஸ் கார் எரிக்கப்பட்ட வழக்கில், முகத்தை மூடியிருந்த ஒரு பெண்ணை அவர் அணிந்திருந்த டி-ஷர்ட்டின் வாசகத்தையும் கையில் குத்தியிருந்த பச்சையையும் வைத்தே கண்டுபிடித்தார்கள். அந்த டி-ஷர்ட் எந்த இணையக் கடையில் விற்றது, யார் வாங்கினார் என்று நூல் பிடித்துப் போய்விட்டார்கள். கொழும்பில் 2022 ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தபோது எடுக்கப்பட்ட உற்சாக வீடியோக்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஜனாதிபதியின் கொடியைப் படுக்கை விரிப்பாக்கியதைப் படம் பிடித்துக்கொண்டவர் அந்த வீடியோவாலேயே பிறகு கைதானார்.

இவ்வளவு சொன்னாலும், நடைமுறையில் முதலில் அடையாளம் காண்பவர் போலீஸ்காரர் இல்லை. சித்தப்பா, வீட்டு உரிமையாளர், விடுதிக் காப்பாளர், ஒப்பந்ததாரரின் மேஸ்திரி. 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தனியார்மயத்தை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களில் ஒருவரின் முகம் நாளை வேலை தரப்போகும் தனியார் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கையில் இருப்பதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

4. அப்படியானால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டுமா? நடக்கிற காரியமா அது?

நடக்காது, யாரும் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. ஊர்வலம் முழுவதையும் மேம்பாலத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் கேட்கத் தேவையில்லை. ஒருவரின் முகம் சட்டகத்தில் பாதியை நிறைக்கிறது என்றால் கேளுங்கள். பேட்டி எடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

"எடுக்கலாமாம்மா?" என்று கேட்டு அவர் தலையாட்டிவிட்டால் சம்மதம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கழுத்தில் கேமராவோடு நிற்பவரிடம் மறுக்கக் கூச்சப்படுவதுதான் நம் ஊர் வழக்கம். எங்கே போடப்போகிறீர்கள், பெயர் வருமா, யாரெல்லாம் பார்க்கக்கூடும் என்பதைச் சொல்லிவிட்டு, "வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமா?" என்று நீங்களே கேளுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் உண்மையான பதில் வரும். சிலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "இப்போது எடு தம்பி" என்பார்கள். அதைவிடத் தெளிவான சம்மதம் கிடையாது. காலையில் சரி என்றவர் மாலையில் தடியடிக்குப் பிறகு வேண்டாம் என்றால், மாலைச் சொல்லே செல்லும்.

5. முகம் இல்லாமல் எடுத்தால் படத்தில் உயிர் இருக்குமா? யார் பார்ப்பார்கள்?

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்கள் இரவில் விளக்குகள் அணைந்தபோது செல்பேசி டார்ச்சுகளை உயர்த்திப் பிடித்தார்கள். அந்தப் போராட்டம் என்றதும் பலர் மனத்தில் வரும் படம் அதுதான். அதில் எத்தனை முகம் தெரிகிறது? ஒன்றும் இல்லை. கடற்கரை முழுவதும் வெளிச்சப் புள்ளிகள்.

முகத்தைத் துரத்துவது பழக்கதோஷம் என்பது என் கருத்து. அழுகிற பாட்டி, கத்துகிற இளைஞன் என்று நாலு தேய்ந்த படங்களையே எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கீழே பாருங்கள். உட்கார்ந்திருப்பவர்களின் கால் விரல்கள், தார்ச் சூட்டுக்கு விரித்த சாக்கு, தடியடிக்குப் பின் சாலையில் ஜோடி மாறிக் கிடக்கும் செருப்புகள். கையால் எழுதிய பதாகையை நெருங்கி எடுங்கள். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், அடித்துத் திருத்திய இடம் இருக்கும். அச்சடித்த பேனரில் இது கிடைக்காது. பந்தல் ஓரத்தில் சோற்றுப் பொட்டலம் கை மாறுவதை எடுங்கள். பின்னாலிருந்து, தோள்களுக்கு மேலாக மேடையை எடுங்கள். சூரியனுக்கு எதிரே நிறுத்தினால் உருவம் நிழலாகிவிடும், முகமும் காப்பாற்றப்படும். ஒலியை மறந்துவிடாதீர்கள்: கோஷம் எழும்பி அடங்கி மறுபடி எழும் அந்த அரை நிமிடம், எந்த முகத்தைவிடவும் கூட்டத்தை உணரவைக்கும்.

மேடையில் பேசும் தலைவரை, பெயரோடு அறிக்கை விடும் நிர்வாகியை முகத்தோடு எடுக்கத் தயங்க வேண்டாம். அவர்கள் தெரிந்தே முன்னால் வந்தவர்கள்.

6. போலீஸ் அடிப்பதை எடுக்கும்போதும் முகத்தை மறைக்க வேண்டுமா?

அடிப்பவரின் முகத்தையா? வேண்டியதில்லை. சீருடையில், அரசு அதிகாரத்தோடு, பொது வீதியில் கடமை செய்பவரின் செயல் பொது விஷயம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்தபோது காவல்துறையின் முதல் அறிக்கை அதை மருத்துவக் காரணத்தால் நேர்ந்ததுபோல் எழுதியது. பதினேழு வயதுப் பெண் ஒருவர் நடைபாதையில் நின்று கையை ஆட்டாமல் எடுத்த வீடியோ இல்லாவிட்டால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் மஞ்சள் டி-ஷர்ட் அணிந்த போலீஸ்காரர் ஒருவர் போலீஸ் வேன் மேல் படுத்துத் துப்பாக்கியால் குறிபார்த்த காட்சியை நாடே பார்த்தது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 2022இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது.

இப்படி எடுக்கும்போது கலைத்திறனைக் கட்டிவையுங்கள். முதல் அடி விழுவதற்கு முன்பே பதிவு ஓடட்டும். அடிக்குப் பிறகும் நிறுத்தாதீர்கள். நடுவிலிருந்து தொடங்கும் வீடியோவுக்கு "அதற்கு முன் என்ன நடந்தது தெரியுமா" என்ற ஒரே வாசகம் எமன். கடைப் பலகை, பஸ் நிறுத்தத்தின் பெயர், மணிக்கூண்டு என்று இடத்தைச் சொல்லும் ஒன்றைச் சட்டகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையின் மேலுள்ள பெயர்ப்பட்டை, வேனின் எண், இரண்டையும் சில விநாடி நிலையாகக் காட்டுங்கள். ஜூம் செய்யாதீர்கள், கூச்சல் போடாதீர்கள், வர்ணனை செய்யாதீர்கள். உங்கள் குரலும் ஓர் அடையாளம்.

அடி வாங்குபவரின் கதை வேறு. அவருக்கு 2ஆம், 4ஆம் பதில்களில் சொன்னவை எல்லாம் பொருந்தும். பதிவு செய்யும்போது யோசிக்க நேரமில்லை, எடுங்கள். வெளியிடும் முன் அவரையோ குடும்பத்தாரையோ கேளுங்கள்.

7. "எடுக்காதே, எடுத்ததை அழி" என்று போலீஸ் சொன்னால்?

அழிக்கச் சொல்லும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவருக்குத் தரவில்லை. குற்றத்துக்குத் தொடர்புடைய பொருள் என்று கருதினால் செல்பேசியைக் கைப்பற்றலாம். அதற்கு எழுத்துப் பதிவு வேண்டும், குற்றவியல் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தகவல் போக வேண்டும். காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்த ஒருவர் மீது அலுவல் ரகசியச் சட்டத்தில் போடப்பட்ட வழக்கையே, காவல் நிலையம் தடைசெய்யப்பட்ட இடம் அல்ல என்று சொல்லி 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ரத்து செய்தது.

சட்டம் இப்படி, சாலை வேறு. லத்தியை ஓங்கி நிற்பவரிடம் பிரிவு எண்களை ஒப்பிப்பதில் பயனில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குப் போடுவது மிக எளிது. சில அடி பின்வாங்குங்கள், தடுப்பரணுக்கு வெளியே நில்லுங்கள், கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். மிரட்டி அழிக்க வைத்துவிட்டால் அந்தச் செல்பேசியில் அதற்குப் பிறகு எதையும் எடுக்காமல் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான செல்பேசிகளில் அழித்தது சில வாரங்களுக்குக் குப்பைக் கோப்புறையில் கிடக்கும்; மீட்டுவிடலாம். களத்துக்குப் போகும் முன்பே கைரேகை, முகத் திறப்பு இரண்டையும் நிறுத்திவிட்டு நீளமான கடவு எண் வையுங்கள். விரலைப் பிடித்து வைத்துத் திறப்பது ஒரு நொடி வேலை.

8. லைவ் போட்டால்தான் பாதுகாப்பு, பிடுங்கினாலும் வீடியோ போய்ச் சேர்ந்துவிடுமே?

உண்மைதான், அதனால்தான் இந்தக் கேள்வி கடினம். ஆனால் நேரலையில் யாரை மறைப்பது, எதை விடுவது என்று யோசிக்க வழியில்லை. கூட்டம் எந்தச் சந்து வழியாகக் கலைகிறது, முதலுதவி எங்கே நடக்கிறது, யார் தண்ணீர் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் அதே நொடியில் எதிரே இருப்பவர் கைக்கும் போகிறது. வன்முறை நடக்கும்போது, கேமரா அடிப்பவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்குமானால் லைவ் போடுங்கள். மற்ற நேரத்தில் பதிவு செய்து, நம்பகமான ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள். இணையம் இருக்கும் என்ற நம்பிக்கையிலும் திட்டம் போடாதீர்கள். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டித்தார்கள்.

9. முகத்தை மங்கலாக்கிவிட்டேன். இப்போது போடலாம்தானே?

மங்கலாக்கினீர்களா, மறைத்தீர்களா? லேசான மங்கலையும் சதுரப் புள்ளிகளையும் ஓரளவு மீட்கும் கருவிகள் வந்துவிட்டன. கறுப்புக் கட்டம் போட்டு மூடுவதே பாதுகாப்பு. வீடியோவில் கட்டம் முகத்தைத் தொடர்ந்து நகரும்போது ஓரிரு சட்டகங்களில் நழுவிவிடும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பின்னாலுள்ள கடைக் கண்ணாடியில் அதே முகம் தெளிவாகத் தெரியும். 3ஆம் பதிலில் சொன்ன டி-ஷர்ட்டையும் பச்சையையும் மறக்காதீர்கள். பைக் எண், கல்லூரி அடையாள அட்டை, குரல் ஆகியவையும் இந்தப் பட்டியல்தான்.

படத்துக்குள் எடுத்த நேரமும் இடமும் எழுதப்பட்டிருக்கும். மறைத்த படத்தைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அதைப் போட்டால் அந்தத் தகவல் போய்விடும். அசல் கோப்பை இப்படியெல்லாம் தொடாதீர்கள். அது ஏன் என்பது 12இல் வருகிறது.

10. அம்மாவோடு வந்த குழந்தை பதாகை பிடித்திருக்கிறது. அழகான படம். அதையுமா?

அதையும்தான். பெற்றோர் சம்மதித்தாலும் நான் முகத்தோடு போடுவதில்லை. அந்தக் குழந்தையைப் போலீஸ் பிடித்துப்போனாலோ, அது பாதிக்கப்பட்டதாகவோ சாட்சியாகவோ வழக்கில் சேர்ந்தாலோ அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றமாகிவிடும்.

11. எங்கள் ஆள் ஒருவரே கல்லெறிந்ததை எடுத்துவிட்டேன். அழித்துவிடவா?

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் இதைக் கேட்பார்கள்.

வெளியிட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அழிப்பது வேறு கதை: நீதிமன்றத்திலோ விசாரணையிலோ முன்வைக்க வேண்டியிருக்கும் மின்னணுப் பதிவை, அது கிடைக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு அழிப்பது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் குற்றம். அழிப்பதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். இன்னொன்றும் யோசியுங்கள். அன்றைக்குக் கல்லெறிந்ததாக வேறு யாரையாவது பிடித்து உள்ளே வைத்திருந்தால், அவர் அங்கே இல்லை என்பதற்கு உங்கள் வீடியோ மட்டுமே சாட்சியாக இருக்கலாம்.

நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்பது வெட்டி ஒட்டுவதை. கல்லை நீக்கிவிட்டுத் தடியடியை மட்டும் போடுவது. தடியடியை நீக்கிவிட்டுக் கல்லை மட்டும் போடுவது. எதிர்த்தரப்பு முழு வீடியோவை வெளியிடும் நாளில், நீங்கள் எடுத்த மற்ற உண்மைகளும் சேர்ந்து பொய்யாகிவிடும். போடாமல் இருங்கள், போட்டால் முழுதாகப் போடுங்கள்.

12. இந்த வீடியோவை வழக்கில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

போதாது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், உள்ளிருக்கும் நேரம், இடத் தகவல்களையும் உதிர்த்துவிடும். எடுத்த செல்பேசியில் அசல் அப்படியே இருக்கட்டும். வெட்டாத, பெயர் மாற்றாத பிரதியை ஒரு பென் டிரைவில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் எண்ணை, குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்தளவு மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால்தான் அசலைத் தொடாதீர்கள் என்றேன். சான்றிதழில் கையெழுத்திடுபவரை நீதிமன்றம் அழைக்கலாம். அதற்குத் தயாரா என்பதை எடுத்தவர் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

13. கூட்டத்தில் யாரோ ஒருவர் எல்லோர் முகத்தையும் வரிசையாக எடுக்கிறார். மஃப்டி போலீஸா என்று எப்படித் தெரியும்?

தெரியாது. 2017 பிப்ரவரி முதல் இலங்கையின் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டம் நடத்துகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அப்படி உட்காரும் தாய்மாருக்குச் சாதாரண உடையில் வந்து படம் எடுத்துப் போகும் புலனாய்வாளர்கள் புதியவர்கள் அல்லர். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்திருப்பவரை இன்னொரு கேமரா கணக்கெடுக்கிறது. அதனால்தான் அந்த மாதிரியான இடங்களில் நம்மையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. போனதும் ஏற்பாட்டாளரிடம் பெயரைச் சொல்லுங்கள், எடுத்ததைக் காட்டச் சொன்னால் காட்டுங்கள்.

சந்தேகத்துக்குரியவரைச் சூழ்ந்துகொண்டு கேமராவைப் பிடுங்கும் வேலை மட்டும் வேண்டாம். அவர் முதல் வருட இதழியல் மாணவராகவும் இருக்கலாம்.

14. ஐந்து வருடத்துக்கு முன் போட்ட படத்தை இப்போது எடுத்துவிடச் சொல்கிறார். அது வரலாற்று ஆவணம் ஆயிற்றே?

எடுத்துவிடுங்கள். அவருக்குக் கல்யாணப் பேச்சு நடக்கலாம், பாஸ்போர்ட் விசாரணை வந்திருக்கலாம், கட்சி மாறியிருக்கலாம், காரணம் கேட்காதீர்கள். மேடையேறிப் பேசிய தலைவர் தன் பழைய பேச்சை நீக்கச் சொன்னால் மட்டும் நான் மறுப்பேன்.

இணையத்திலிருந்து நீக்குவதால் ஆவணம் அழிந்துவிடாது, உங்களிடம் அசல் இருந்தால். இல்லாவிட்டால் இணையமும் காப்பாற்றாது: 2017இல் யூடியூப்பின் தானியங்கி வடிகட்டி, சிரியப் போரின் சாட்சிகளாக இருந்த ஆயிரக்கணக்கான வீடியோக்களைத் தீவிரவாதம் என்று கருதி நீக்கியது. எடுத்தவர்கள் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். சிலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. தேதி, இடம், யாருடைய முகத்தை வெளியிடக் கூடாது என்ற குறிப்போடு அசலைக் கடவுச்சொல் போட்ட இரண்டு வன்வட்டுகளில் (ஹார்டு டிஸ்க்) வையுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது அடுத்த ஊரில் இருக்கும் நண்பரிடம்.